நிழல் விழும் இடம் தெரிந்தால் போதும்: ஹாலோவீனுக்கு வீட்டிலேயே எளிய மேக்கப்

அக்டோபர் 31 நெருங்கும்போதெல்லாம், வீட்டில் இருப்பதை வைத்தே முகத்துக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று தோழிகள் கேட்பது வழக்கம். தாராளமாக முடியும். வேடத்துக்கென்று தனியாக விற்கும் வர்ணப் பெட்டியைவிட, அன்றாடம் கையில் இருக்கும் கண்மையும் பழுப்பு நிற ஐ ஷேடோவும் பெரும்பாலும் நன்றாகவே கைகொடுக்கின்றன என்பது என் அனுபவம். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் அந்த இரவில் ஆவிகளைப் போல வேடமிட்டு வீடு வீடாகச் சென்றவர்கள் முகமூடி அணிந்தார்கள், அல்லது கரியை முகத்தில் பூசிக்கொண்டார்கள். ஒரு முகம் அச்சம் தருவதற்கு நிறங்களைவிட இருளே முக்கியம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன். அந்த இருள் முகத்தில் எங்கே விழ வேண்டும் என்பதைக் கண்டுகொண்டால், மீதி வேலை எளிது.

அதைக் கற்றுக்கொள்ள மண்டை ஓட்டு வேடத்தைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. கண்ணாடி முன் நின்று, விரல் நுனியால் கண்ணைச் சுற்றி மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். புருவத்தின் அடியில் ஓர் எலும்பு விளிம்பும், கன்னத்தின் மேற்புறத்தில் மற்றொன்றும் தட்டுப்படும். இவற்றுக்கு இடையே உள்ள பள்ளம்தான் கண்குழி. பலர் இமையை மட்டும் கறுப்பாக்கி நிறுத்திவிடுவதால், மண்டை ஓடாக வேண்டியது தூக்கம் கெட்ட முகமாகிவிடுகிறது. விளிம்பு வரை நிழலைக் கொண்டுபோனால்தான் அது குழியாகத் தெரியும். அடுத்து, கன்னங்களை உள்ளே இழுத்துப் பிடித்தால் கன்ன எலும்புக்குக் கீழே, காதிலிருந்து வாயை நோக்கிச் சாய்வாக ஒரு பள்ளம் விழும். அதுவும் நெற்றியின் இரு ஓரங்களிலும் உள்ள பொட்டுப் பள்ளங்களும் நிழலுக்குரிய இடங்கள். மூக்கின் மேற்பகுதி மட்டுமே எலும்பு, கீழ்ப்பகுதி குருத்தெலும்பு என்பதால் மண்டை ஓட்டில் அந்த இடம் துளையாக இருக்கிறது. எனவே மூக்கின் கீழ்ப்பாதியைத் தலைகீழான இதயம் போல வரைந்து நிரப்பினால், மூக்கே இல்லாதது போன்ற தோற்றம் வந்துவிடும். பற்களுக்கு, வாயின் ஓரத்திலிருந்து கன்னத்தை நோக்கி ஒரு கோடு இழுத்து, அதன் குறுக்கே உதடுகளின் மேலாகச் சிறு கோடுகள் போட்டால் போதும்.

முதலில் பழுப்பு, பிறகே கறுப்பு என்ற வரிசையை மாற்ற வேண்டாம். பழுப்பு ஐ ஷேடோவைப் பரவலாகத் தேய்த்துவிட்டு, பள்ளத்தின் ஆழமான நடுப்பகுதியில் மட்டும் கறுப்பை வைத்து, விரலால் வெளிநோக்கி இழுத்துக் கரைக்க வேண்டும். கறுப்பிலேயே தொடங்கினால் திருத்துவதற்கு வழியே இருக்காது. முகம் முழுவதும் வெள்ளை பூசுவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. கருமையான தோலின் மீது மெல்லிய வெள்ளைப் பூச்சு சாம்பல் பூத்தது போலாகிவிடும். தடிமனாகப் பூசினால் சிரித்தவுடன் வெடிக்கும். நெற்றி, கன்ன எலும்பின் மேடு, தாடை முனை ஆகிய மூன்று இடங்களில் மட்டும் சொந்த நிறத்தைவிடச் சற்று வெளிறிய ஃபவுண்டேஷனைத் தொட்டு வைத்தால், எலும்பு தானாகவே எடுப்பாகத் தெரியும்.

இந்த வேடத்தை அரை முகத்துக்கு மட்டும் செய்வதே எனக்குப் பிடித்தது. என் அக்கா மகளுக்கு ஒன்பது வயதில் முதல்முறையாக இதைச் செய்தபோது, இடது கண்குழி முடிந்ததும் கண்ணாடியைப் பார்த்தவள் சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, எனக்கே பயமா இருக்கு, ஆனா நிறுத்தாதீங்க" என்றாள். ஒரு பக்கம் தன் முகம், மறுபக்கம் அதன் எலும்பு என்று அருகருகே தெரிவதில் உள்ள அச்சம், முழு முகத்தையும் மறைக்கும்போது கிடைப்பதில்லை.

காயத்துக்கு வருவோம். கன்றிப்போன தோலை வரையும்போது நீலத்தை மட்டும் அப்பிவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. தோலுக்கடியில் கசிந்த இரத்தத்தின் ஹீமோகுளோபின் சிதையும்போது முதலில் பச்சை நிறமுள்ள பிலிவெர்டினும், பின்னர் மஞ்சள் நிறமுள்ள பிலிருபினும் உருவாகின்றன. அதனால்தான் ஒரே காயம் சிவப்பில் தொடங்கி, ஊதாவாகி, பச்சையும் மஞ்சளுமாக மாறி மறைகிறது. நடுவில் ஊதாவும் சிறிது சிவப்பும் வைத்து, ஓரங்களில் பச்சையையும் மஞ்சளையும் மிக மெல்லியதாகப் பரப்பி, பிரஷ்ஷுக்குப் பதிலாகக் கிழித்த ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். ஒழுங்கற்ற ஓரம்தான் அதை உண்மையான காயமாகக் காட்டும்.

பிளந்த காயம் வேண்டுமென்றால், ஒரு மேசைக்கரண்டி பெட்ரோலியம் ஜெல்லியுடன் இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டி சோள மாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசைந்து, தோலின் நிறம் வரும்வரை கோகோ தூளோ ஃபவுண்டேஷனோ கலந்துகொள்ளலாம். இதை முன்னங்கையில் ஒட்டி, ஓரங்களைத் தோலோடு தோலாக இழைத்துவிட்டு, கரண்டிக் காம்பால் நடுவில் கீறி, உள்ளே அடர் சிவப்பு லிப்ஸ்டிக்கும் அடியில் சிறிது கறுப்பும் வைக்க வேண்டும். அதிகம் அசையும் முகத்தில் இது நெடுநேரம் நிற்காது. கையில் வைப்பதே நல்லது. இரத்தத்துக்குத் தேனில் சிவப்பு உணவு நிறமி சில துளிகளும், அரைத் தேக்கரண்டி கோகோ தூளும் கலந்தால் போதும். கோகோ சேர்க்காவிட்டால் அது பழப்பாகு போலத்தான் இருக்கும்.

உணவு நிறமி குறித்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை அதை வெறும் கன்னத்தில் நேரடியாக வழியவிட்டேன். எத்தனை முறை கழுவியும் இளஞ்சிவப்புக் கறை இரண்டு நாள்கள் போகவில்லை. இப்போதெல்லாம் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவிய பிறகே இரத்தத்தை வைக்கிறேன்.

பூனை, வௌவால், சிலந்தி வலை ஆகியவற்றுக்கு ஐலைனர் ஒன்றே போதும். அவற்றை விளக்க வேண்டியதில்லை. விரிசல் விட்ட பொம்மை முகத்துக்கு மட்டும் ஒரு குறிப்பு: விரிசல் கோட்டைக் கறுப்பில் வரைந்து, அதன் ஒரு பக்கத்தில் மட்டும் நூலளவு வெள்ளைக் கோடு சேர்த்தால், தோல் உண்மையில் பிளந்து ஆழம் தெரிவது போலிருக்கும்.

கண்ணைச் சுற்றியுள்ள இடத்தில் எந்தச் சமரசமும் வேண்டாம். உதட்டுக்கு அனுமதிக்கப்பட்ட சிவப்பு நிறமிகள் எல்லாமே கண்ணருகில் பயன்படுத்த ஏற்றவை அல்ல. சிவந்த கண் வேண்டுமென்றால் கண்ணுக்கென்றே தயாரிக்கப்பட்ட சிவப்பு ஐ ஷேடோவையே எடுங்கள். கைவினைக்கான கிளிட்டர் விழியைக் கீறக்கூடும். அக்ரிலிக் வர்ணத்தில் நச்சற்றது என்று எழுதியிருந்தாலும் அது தோலுக்கானது அல்ல. வேடத்துக்கான நிறக் கான்டாக்ட் லென்ஸ்களை மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு இல்லாமல் விற்பது அமெரிக்காவில் சட்டவிரோதம். கண்ணின் அளவுக்குப் பொருந்தாத லென்ஸ் பார்வையையே பாதிக்கக்கூடும் என்பதே காரணம். புதிதாக வாங்கிய எந்தப் பூச்சையும் ஓரிரு நாள்களுக்கு முன்பே முன்னங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்த்துவிடுங்கள். அரிப்போ தடிப்போ தெரிந்தால் அதை முகத்தில் வைக்கவே கூடாது.

எவ்வளவு களைப்பாக இருந்தாலும் வேடத்தோடு உறங்கிவிடாதீர்கள். முதலில் எண்ணெயோ கோல்ட் கிரீமோ தடவி நிறத்தை இளக்கி, மென்மையான துணியால் துடைத்த பிறகே சோப்புப் போட வேண்டும். இமையோரத்துக் கறுப்பைத் தேய்க்காமல், எண்ணெய் தோய்த்த பஞ்சை மூடிய கண்ணின் மீது அரை நிமிடம் வைத்திருந்து, கீழ்நோக்கி ஒரே இழுப்பில் எடுங்கள். கண்குழியின் நிழலில் பெரும்பகுதி அந்தப் பஞ்சிலேயே வந்துவிடும்.