குன்றத்தூர் போனா மலையோட திரும்பிடாதீங்க

குன்றத்தூர்னா நிறைய பேருக்கு முருகன் மலை, அதை விட்டா போரூர் தாண்டி அபார்ட்மெண்ட் கட்டி விக்கிற ஏரியா, அவ்ளோதான். ஆனா வெள்ளைக்காரங்க சென்னையில கோட்டை கட்ட இடம் வாங்கினதே 1639லதான், அதுக்கு ஏறக்குறைய ஐநூறு வருஷம் முன்னாடியே இந்த ஊர் தொண்டை மண்டலத்து 24 கோட்டத்துல ஒண்ணான புலியூர்க் கோட்டத்துல பேர் பெற்ற ஊரு, இங்க பொறந்த ஒருத்தர் சோழ ராஜாவுக்கே மந்திரியா இருந்தாரு. பெரிய புராணம் பாடின சேக்கிழார் பெருமான்தான் அவர்.

நாங்க பல்லாவரத்துல இருந்து பம்மல், அனகாபுத்தூர் வழியா போனோம். ஞாயித்துக்கிழமை, அதோட முகூர்த்த நாள் வேற, மலையடிவாரம் முழுக்க கல்யாண கூட்டம். முதல்ல கந்தழீஸ்வரரை பாத்தோம். திருப்போரூர்ல அசுரர்களை ஜெயிச்சுட்டு திருத்தணிக்கு போற வழியில முருகன் இங்க தங்கி சிவபூஜை பண்ணினாருன்னு ஸ்தல வரலாறு, அந்த சிவன்தான் இவர். அப்புறம் மலை, 84 படிதான், முட்டி வலி இருக்கிறவங்களும் நின்னு நின்னு ஏறிடலாம். வடக்கு பாத்த சன்னதி. நேரா நின்னா முருகன் மட்டும்தான் தெரியுறாரு, கொஞ்சம் ஒதுங்கி ஒரு பக்கம் நின்னா ஒரு அம்மனோட, அந்தப் பக்கம் போனா இன்னொரு அம்மனோட காட்சி குடுக்கிறாரு. கூட்டத்துல நகருங்க நகருங்கன்னு சொல்லும்போது மூணு இடத்துலயும் நின்னு பாத்துடுங்க, விட்டுடாதீங்க.

மேல இருந்து பாத்தா இப்ப எல்லாம் மாடி வீடுதான். பக்கத்துலதான் செம்பரம்பாக்கம் ஏரி, 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு, ஐப்பசி கார்த்திகையில உபரி தண்ணி திறந்தா வெள்ள எச்சரிக்கையில குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலைன்னு வரிசையா பேர் வருமே, அந்த ஏரிதான்.

பெரும்பாலானவங்க மலை இறங்கி அப்படியே வண்டி ஏறிடுறாங்க. எனக்கு மனசு கிடந்து அடிச்சுக்கறது இதுக்குத்தான். ஊருக்குள்ள திருநாகேஸ்வரம் கோயில் இருக்கு, சேக்கிழாரே கட்டினது. கும்பகோணம் பக்கத்துல இருக்கிற திருநாகேஸ்வரத்து மேல அவருக்கு அப்படி ஒரு பக்தி, தன் சொந்த ஊர்லயும் அந்த ஈஸ்வரன் இருக்கணும்னு அதே பேர்ல இங்க எழுப்பிட்டாரு. வட திருநாகேஸ்வரம்னு சொல்றாங்க, ராகு பரிகார ஸ்தலம். நாங்க போனது சரியா ராகு காலம், சாயங்காலம் நாலரைக்கு மேல. ஒரு பாட்டி பால் சொம்பு வாயை வெத்தலையால மூடி ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு, வரிசை நகர நகர பேத்தி பேரையும் நட்சத்திரத்தையும் மறக்காம இருக்க வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே வந்தாங்க. அபிஷேகம் முடிஞ்சு தீபாராதனை காட்டும்போது அவங்க கண்ணுல தண்ணி, பக்கத்துல நின்ன எனக்கும்தான்.

அங்கயே சேக்கிழாருக்கும் சன்னதி இருக்கு. ராஜா சமண காவியமான சீவக சிந்தாமணியை விரும்பி கேட்டுட்டு இருந்ததைப் பாத்துத்தான் அடியார்கள் கதையை பாட வந்தாருன்னும், தில்லையில உலகெலாம்னு இறைவனே அடி எடுத்துக் குடுத்தாருன்னும் சொல்வாங்க. பாடி முடிச்சதும் அந்த ராஜா, இரண்டாம் குலோத்துங்கன், புராணத்தையும் பாடினவரையும் யானை மேல ஏத்தி, தானே பின்னாடி உக்காந்து சாமரம் வீசினாராம். ராஜா சாமரம் வீசினது ஒரு குன்றத்தூர்காரருக்குங்க.

சன்னதி முன்னாடி நிக்கும்போது ஒண்ணு தோணிச்சு, அதுல இருந்து மனசு வெளிய வரவே இல்ல. அவர் பாடின நாயன்மார்ல எத்தனை பேர் இந்த சுத்து வட்டாரம் பாருங்க. எண்ணெய் செக்கு ஓட்டி, கடைசில ரத்தத்தையே ஊத்தி விளக்கெரிக்க துணிஞ்ச கலிய நாயனார் திருவொற்றியூர். சூதாடி ஜெயிச்ச காசுலயும் அடியாருக்கு சோறு போட்ட மூர்க்க நாயனார் திருவேற்காடு. மனசுக்குள்ளயே கோயில் கட்டி, காஞ்சியில கல்லுல கோயில் கட்டின பல்லவ ராஜாவையே தன்னைத் தேடி வர வெச்ச பூசலார் திருநின்றவூர். மௌனமாவே பூஜை பண்ணின வாயிலார் மயிலாப்பூர். மயிலாப்பூரை விட்டா மத்த மூணும் இன்னைக்கு நாம அவுட்டர்னு சொல்ற இடம். அவுட்டர்னு யாராவது சொன்னா இனிமே எனக்கு கோவமே வருது, எண்ணெய் செக்கு ஓட்டினவரும் சூதாடினவரும் சாமியை கிட்டத்துல பாத்த ஊருங்க இதெல்லாம்.

சேக்கிழார் குருபூஜை வைகாசி பூசத்துல வருது, முடிஞ்சா அன்னைக்கு போங்க. இல்லைன்னா ஞாயிறு மத்தியானத்துக்கு மேல கிளம்பி, ராகு காலத்துல நாகேஸ்வரரையும் காமாட்சி அம்மனையும் சேக்கிழாரையும் பாத்துட்டு, வெயில் இறங்கினதும் மலை ஏறினா படி காலை சுடாது. பெரியவங்களை கூட்டிட்டு போனா மட்டும் முகூர்த்த நாளை தவிர்த்துடுங்க, அடிவாரத்துல வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது.