அந்தக் கையை முதல்ல பாருங்க

ஸ்கூல் பசங்களை எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போய் சுத்திக் காட்டுறது என் வேலை, ஆறு வருஷமாச்சு. ஆரம்பத்துல நாகப்பட்டினத்துல கிடைச்ச வெண்கலப் புத்தர் சிலைங்க முன்னாடி நின்னு, 1856ல தொடங்கி கிட்டத்தட்ட 350 சிலை கிடைச்சுது, ராஜராஜன் காலத்துல சுமத்ரா பக்கத்து ஸ்ரீவிஜய ராஜா சூடாமணி விகாரம்னு புத்த மடம் கட்டினாரு, அதுக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரையே விட்டுக்கொடுத்தது லெய்டன் செப்பேட்டுல இருக்குன்னு மூச்சு விடாம சொல்லுவேன், எல்லாம் சரியான தகவல்தான், ஆனா பசங்க கண்ணு பக்கத்துப் பெட்டிக்குப் போயிடும்.

ஒருநாள் ஏழாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு "மிஸ், தலையில ஏன் நெருப்பு எரியுது"ன்னு கேட்டுச்சு. அன்னைக்குத்தான் நானே நின்னு நிதானமா பார்த்தேன். சுருள் சுருளா முடி, உச்சியில குட்டியா ஒரு தீக்கொழுந்து, அவ்ளோதான். அதே மியூசியத்துல இருக்கிற, ஆந்திராவோட அமராவதியில இருந்து வந்த கல்லுல புத்தர் கதைன்னா ராஜா, யானை, கூட்டம்னு பலகை முழுக்க ஆளுங்க நெருக்கியடிச்சு நிப்பாங்க. மெழுகுல உருவம் புடிச்சு மண்ணு பூசி உலோகத்தை ஊத்துற ஸ்தபதிக்கு அவ்ளோ இடம் ஏது, ஞானம் கிடைச்ச அந்த ராத்திரியை அவரு அந்தக் கொழுந்துலயே வச்சுட்டாரு.

அப்புறம் கை. நிக்கிற புத்தரோட வலது கை உள்ளங்கை நம்மளப் பார்த்து இருக்கும், என்ன சொல்றாருன்னு கேட்டா பசங்க டக்குனு "ஸ்டாப்"னுவாங்க. சரி நீங்க ஸ்டாப் காட்டுங்கன்னு சொன்னா விரல் எல்லாம் விறைப்பா நிக்கும், திரும்ப சிலையைப் பாருங்கன்னா அதுல விரல் தளர்வா லேசா வளைஞ்சிருக்கும், உடனே ஒருத்தன் "பயப்படாதங்கிறாரு மிஸ்"னு சொல்லுவான், யாராவது ஒருத்தராவது சொல்லிடுவாங்க, எனக்கு அந்த நிமிஷம் இன்னிக்கும் சிலிர்க்கும்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப லேட்டாதான் உறைச்சுது. நம்ம கோயில் உற்சவர் மாதிரியே இந்த புத்தர்களும் வீதியுலா போனவங்க. இப்ப நியூயார்க்ல இருக்கிற ஒரு நாகப்பட்டினம் புத்தர் மேல தமிழ்லயே வெட்டி வச்சிருக்கு, ராஜேந்திர சோழப் பெரும்பள்ளிங்கிற புத்த மடத்துல இருந்த கோயிலோட திருவிழாவுக்கு எழுந்தருளச் செஞ்சதுன்னு, அதுல புத்தருக்குப் பேரு ஆழ்வார், அக்கசாலைக்காரங்களோட நாயகர். பொன் வேலை பாக்குறவங்க தங்களோட சாமின்னு கொண்டாடியிருக்காங்க! கல்லுல இருக்கிற கதையை நாமதான் தேடிப் போய் பாக்கணும், இது தோள்ல ஏறி தெருவுக்கு வந்திருக்கு, தூரத்துல நிக்கிறவனுக்கும் கூட்டத்துக்கு மேல அந்தக் கை தெரிஞ்சா போதும், மிச்சக் கதையைப் பக்கத்துல நிக்கிற பாட்டி சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சுக்குவேன்.

அதனால இப்பல்லாம் வருஷக் கணக்கு எதுவும் முதல்ல சொல்றதில்ல, பசங்களைத் தரையில உக்கார வச்சு அண்ணாந்து பாக்கச் சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.