ஆறு தாண்டிய தெய்வங்கள்: கோவாவின் கோயில் வழி

கோவாவில் பழைய கோயில்களைக் கடலோரத்தில் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். 3,702 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, நாட்டிலேயே சிறிய இந்த மாநிலத்தில் தெய்வங்கள் குடியிருப்பது ஆறுகளுக்கு அப்பால், உள்நாட்டில். அதனால் முதலில் ஆறுகளை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: வடக்கே மாண்டவி, தெற்கே ஜுவாரி, இரண்டையும் இணைக்கும் கும்பர்ஜுவா கால்வாய்.

பரசுராமர் சஹ்யாத்ரியிலிருந்து அம்பெய்து கடலைப் பின்வாங்க வைத்தார், அம்பு விழுந்த ஊர் பாணாவளி என்பது தலபுராணம். இன்றைய பெனாலிம் அதுதான். இந்தப் புராணத்துக்குச் சாட்சிபோல ஆற்றோரமெங்கும் கஜான் வயல்கள். கடல் ஏறும்போது நீர்மட்டத்துக்குத் தாழ்ந்துபோகும் நிலத்தை மண்கரை கட்டி மீட்டிருக்கிறார்கள். ஏற்றத்தின் வேகத்தில் மதகுக் கதவு தானே மூடிக்கொள்ளும், வற்றத்தில் தானே திறக்கும்.

1510இல் போர்த்துக்கீசியர் கோவாவைப் பிடித்தனர். திஸ்வாடி, பார்தேஸ், சால்செத் பகுதிகளில் கோயில்கள் இடிபட்டபோது பக்தர்கள் மூர்த்திகளைச் சுமந்து ஆறு தாண்டினார்கள். அக்கரையில் இருந்த போண்டா அன்று பீஜப்பூர் அடில் ஷாவின் ஆட்சியில் இருந்தது. கோர்த்தாலிமிலிருந்து 1560இல் சிவனின் வடிவமான மங்கேஷர் கிளம்பினார். வெர்ணாவிலிருந்து மஹால்சா, கெலோஷியிலிருந்து சாந்தாதுர்கா, லோட்டோலிமிலிருந்து ராமநாதர் என்று மற்றவர்களும் இதே பகுதிக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த ராமநாதர் நம் ராமேஸ்வரத்து ஈசனே என்பது அங்குள்ளோர் நம்பிக்கை.

ஆகவே மட்காவ் ரயில் நிலையத்தில் இறங்குவது நல்லது. பணஜி நெடுஞ்சாலையில் வெர்ணாவும் கோர்த்தாலிமும் வழியிலேயே வரும். ஜுவாரிப் பாலம் ஏறும்போது மூர்த்திகள் கடந்த ஆற்றின் அகலம் கண்ணுக்குத் தெரியும். பணஜியிலிருந்து போண்டா செல்லும் கதம்பா என்ற அரசுப் பேருந்து பாணஸ்தாரியில் கும்பர்ஜுவா கால்வாயைத் தாண்டுகிறது. பழைய எல்லை அதுதான். தாண்டியபின் முதலில் மங்கேஷரின் மங்கேஷி, அடுத்து நடக்கும் தூரத்தில் மஹால்சாவின் மார்தோல். சாந்தாதுர்காவின் கவளே, ராமநாதரின் ராமநாதி, மஹாலக்ஷ்மி கோயிலுள்ள பாந்தோடா மூன்றும் போண்டாவை ஒட்டியவை. அங்கே ஆட்டோதான் வசதி.

ராஜகோபுரத்தைத் தேடாதீர்கள். ஓடு வேய்ந்த மண்டபம், கருவறைமேல் குவிமாடம், முன்னால் துளசி மாடம், குளம், அடுக்கடுக்கான தீபஸ்தம்பம், இதுவே இங்குள்ள அமைப்பு. மங்கேஷியின் ஸ்தம்பம் ஏழு நிலை. திங்கள் மாலைப் பல்லக்கைத் தவறவிடாதீர்கள். கூட்டம் வேண்டாதவர்கள் காலையிலேயே போய்விடலாம். அரைக்கால்சட்டையோடு வருபவர்களை உள்ளே விடமாட்டார்கள். கடற்கரையிலிருந்து நேரே வருகிறவர்கள் திரும்பிப் போவது இதனால்தான். கவளேயில் சாந்தாதுர்கையை நின்று தரிசியுங்கள். சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் நடந்த போரை நடுவில் நின்று அமர்த்தியவள் அவள். வீடிழந்தவர்கள் இந்தத் தாயைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

மாண்டவிப் பக்கத்துக் கதை சப்தகோடீஸ்வரருடையது. போர்த்துக்கீசியருக்கு முன்பு கோவாவை ஆண்ட கதம்ப அரசர்களின் குலதெய்வம். பழைய கோவா துறையில் படகேறி தீவார் தீவு, அங்கே நாரோவாவில் அவருடைய பழைய கோயிலின் குளம் பார்த்து, இன்னொரு படகில் அவர் இடம்பெயர்ந்த நார்வே. அங்குள்ள கோயிலை 1668இல் சத்ரபதி சிவாஜி புதுப்பித்தார்.

இடம்பெயராமல் தப்பியது தாம்ப்டி சுர்லா மகாதேவர் கோயில். காட்டுக்குள் மறைந்திருந்த கதம்பர் காலத்துக் கருங்கல் பணி. கிழக்கு நோக்கிய சன்னிதி. பேருந்தை நம்ப வேண்டாம், திரும்பி வரவும் சேர்த்து வண்டி பேசிக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கற்படிகள் வழுக்கும்.