எருமை ஊர்க் கொள்ளையர்களும் ஒரு கணக்கு வாத்தியாரும்

ஊரிலிருந்து கனடா வந்த அப்பாவுக்கு நயாகராவைக் காட்டியாயிற்று. சி.என். டவரில் ஏற்றி இறக்கியாயிற்று. ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு இரண்டு முறை போய்வந்தாயிற்று. 2025 ஜனவரி மாதம், வெளியே மைனஸ் 14. எழுபது தாண்டிய மனுஷரை இதற்கு மேல் எங்கே கூட்டிப்போவது என்று முழித்துக்கொண்டிருந்தபோது, அலுவலக நண்பர் ஒருவர் தன்னால் போக முடியாத ஆட்டத்துக்கான இரண்டு டிக்கெட்டுகளை என் போனுக்கு அனுப்பிவைத்தார். பஃபலோ பேண்டிட்ஸ். லக்ராஸ்.

“என்ன ஆட்டம்யா அது?”

“ஹாக்கி மாதிரிப்பா. மட்டை நுனியில வலை இருக்கும். பந்தை அதுல ஏந்திக்கிட்டே ஓடுவாங்க.”

ஹாக்கி என்ற சொல்லே போதும். நாங்கள் கோவில்பட்டிக்காரர்கள். கடலைமிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் அடுத்து ஊரில் மார்தட்டிக்கொள்ள இருப்பது ஹாக்கிதான். அப்பா முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடம் விட்டதும் மைதானத்தோரம் சைக்கிளை நிறுத்தி, இருட்டும்வரை ஆட்டம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

“அணி பேரு என்ன சொன்ன?”

“பேண்டிட்ஸ். கொள்ளைக்காரங்க.”

“ஊரு எருமை, ஆளு கொள்ளைக்காரன். சரி, போவோம்.”

நாங்கள் இருக்கும் மிசிசாகாவிலிருந்து பஃபலோவுக்குக் கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர். க்யூ.இ.டபிள்யூ. நெடுஞ்சாலை ஒண்டாரியோ ஏரியைச் சுற்றிக்கொண்டு போகும். பர்லிங்டனில் ஒரு பெரிய மேம்பாலம், கிரிம்ஸ்பி பக்கம் பனியில் விறைத்துக்கிடக்கும் திராட்சைத் தோட்டங்கள், செயின்ட் கேத்தரின்ஸில் வெல்லண்ட் கால்வாய்க்கு மேலே இன்னொரு பாலம், அப்புறம் ஃபோர்ட் ஈரி. அங்கே சாலை முடிந்து பீஸ் பிரிட்ஜ் தொடங்கும். 1927இல் திறந்த பாலம். அந்தப் பக்கம் அமெரிக்கா.

வழியில் அப்பாவுக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தேன். தேசிய லக்ராஸ் லீகில் ஆடுகிறவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள்தான், ஆனால் அந்தச் சம்பளத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கஷ்டம். பெரும்பாலானவர்கள் வார நாட்களில் வேறு வேலை பார்க்கிறவர்கள். வாத்தியார்கள் இருக்கிறார்கள், தீயணைப்பு வீரர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் ஆட்டமெல்லாம் வார இறுதியில். பேண்டிட்ஸ் அமெரிக்க அணி என்று பெயர், ஆட்களில் நிறையப் பேர் கனடாவில் எங்கள் ஒண்டாரியோ மாகாணத்துக்காரர்கள். நட்சத்திர ஆட்டக்காரர் டேன் ஸ்மித் கிச்சனர் ஊர். 2016இல் ஒரே பருவத்தில் 72 கோல் அடித்தவர். கோல்கீப்பர் மாட் வின்ஸ் நாங்கள் அப்போது கடந்துகொண்டிருந்த செயின்ட் கேத்தரின்ஸ்காரர், வயது 42.

“கோச்சு யாரு?”

இதற்காகத்தான் காத்திருந்தேன். “ஜான் டவாரஸ். 24 சீசன் இதே அணிக்கு ஆடுனவர். 815 கோல். அதோட மிசிசாகாவுல கணக்கு வாத்தியார்ப்பா.”

அப்பா கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். “பேப்பர் எப்பய்யா திருத்துவாரு?” என்றார்.

(டொராண்டோவின் ஐஸ் ஹாக்கி நட்சத்திரத்துக்கும் அதே பெயர்தான். இவர் அவருக்குச் சித்தப்பாவோ பெரியப்பாவோ மாமாவோ. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறார்கள், நான் என்ன செய்ய.)

எல்லையில் அப்பாவின் இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் உள்ளே போய் ஐ-94 என்ற நுழைவுச் சீட்டு வாங்கிவரச் சொன்னார்கள். ரேகை, போட்டோ, கட்டணம், காத்திருப்பு. கவுண்டரில் இருந்தவர் எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார். லக்ராஸ் என்றேன். குரங்குக் குல்லாவும் மப்ளருமாக நின்ற அப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கோ பேண்டிட்ஸ்” என்று முத்திரை குத்தித் தந்தார். அப்பா வணக்கம் வைத்தார்.

பஃபலோவில் காரைவிட்டு இறங்கியதும் முதலில் தாக்கியது வாசனை. “யாரோ பொரிகடலை வறுக்கான்” என்றார் அப்பா. கிட்டத்தட்டச் சரி. ஆற்றங்கரையில் சீரியோஸ் என்ற ஓட்ஸ் காலை உணவைத் தயாரிக்கும் ஜெனரல் மில்ஸ் ஆலை இருக்கிறது. காற்று தோதாக அடித்தால் நகர மையம் முழுக்க வறுத்த ஓட்ஸ் மணக்கும். அதற்கென்று டி-சர்ட்டே போட்டு விற்கிறார்கள். 1825இல் ஈரி கால்வாய் வந்து சேர்ந்த ஊர் இது, தானியத்தில் வளர்ந்த ஊர். காலியாக நிற்கும் ராட்சதத் தானியக் குதிர்களைப் பார்த்தால் நம் பக்கத்தில் மூடிக்கிடக்கும் பஞ்சாலைகள் ஞாபகத்துக்கு வருகின்றன. விளையாட்டிலும் பாவப்பட்ட ஊர்தான். இவர்களுடைய அமெரிக்கக் கால்பந்து அணி பில்ஸ், 1991 முதல் 1994 வரை வரிசையாக நான்கு இறுதிப் போட்டிகளில் தோற்றது. ஐஸ் ஹாக்கி அணி சேபர்ஸ் ஸ்டான்லி கோப்பையைத் தொட்டதே கிடையாது. அந்த சேபர்ஸின் அரங்கத்தில்தான் பேண்டிட்ஸும் ஆடுகிறது. பனித்தரைக்கு மேலே பச்சைக் கம்பளம் விரித்தால் லக்ராஸ் களம் தயார்.

இதை ‘பாக்ஸ்’ லக்ராஸ் என்கிறார்கள். 1930களின் தொடக்கத்தில், கோடையில் சும்மா கிடந்த ஐஸ் ஹாக்கி அரங்கங்களை நிரப்பக் கனடாவில் கண்டுபிடித்த வடிவம். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேரும் ஒரு கோல்கீப்பரும். கோல்கீப்பரைப் பார்த்தால் மெத்தையைச் சுற்றிக் கட்டிய பீரோ நிற்கிற மாதிரி இருக்கும். பந்து கெட்டி ரப்பர். பந்து கைக்கு வந்த 30 விநாடிக்குள் கோலை நோக்கி அடித்தாக வேண்டும். மட்டையைக் குறுக்கே பிடித்து ஆளைத் தள்ளுவது இங்கே தப்பே கிடையாது. கைகலப்பு வந்தால் நடுவர்கள் சற்று விட்டுத்தான் பிரிக்கிறார்கள். ஐந்து நிமிடம் வெளியே உட்காரவைப்பதோடு சரி.

அப்பா முதல் கால் பகுதி முழுக்கப் பேசவில்லை. களம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். 200 அடிக்கு 85 என்றேன். “17,000 சதுர அடி. பன்னெண்டு பேரு. நம்ம தெருவுல பசங்க ஆடுறதே இதைவிடத் தாராளம்” என்றார். கோல் மட்டும் நாலே முக்கால் அடி அகலம், நாலடி உயரம். அதில் முக்கால்வாசியை அந்த பீரோ அடைத்துக்கொண்டு நிற்கிறது. “இதுல எந்தச் சந்துலயா போடுறாங்க?” போடுகிறார்கள். முதுகுக்குப் பின்னால் மட்டையைச் சுழற்றிப் போடுகிறார்கள், கோலுக்குப் பின்புறமிருந்து தாவிக் காற்றில் மிதந்தபடி போடுகிறார்கள். ஹாக்கியில் பந்து தரையில் இருக்கும், கண் அதன் பின்னாலேயே போகும். இங்கே கோல் விழுந்து பக்கத்து ஆள் எழுந்த பிறகுதான் பந்து எங்கே என்று எனக்குத் தெரிந்தது. அப்பா என்னைவிடத் தேவலை. பந்தை விட்டுவிட்டுத் தோளைப் பார் என்றார்.

ஆட்டம் நடக்கும்போதே பாட்டும் ஓடுகிறது, இடைவேளையில் மட்டும் என்று நினைத்தால் தப்பு. கல்யாண வீட்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பந்தி போட்ட மாதிரி. எதிரணி ஆள் தப்பு செய்து தண்டனைக் கூண்டுக்குப் போகும்போது மொத்தக் கூட்டமும் ‘த பாக்ஸ்! த பாக்ஸ்!’ என்று கத்தி அனுப்பிவைக்கிறது. மூன்றாம் கால் பகுதியில் எனக்கு இடது பக்கத்திலிருந்து தெளிவான கோவில்பட்டி உச்சரிப்பில் “பாக்ஸு! பாக்ஸு!” என்று கேட்டது. ஆரஞ்சுச் சட்டை போட்ட பக்கத்து இருக்கைக்காரர் அப்பாவின் முதுகில் தட்டினார். அப்பா கோட்டுப் பையிலிருந்து கடலைமிட்டாய் எடுத்து நீட்டினார். வேர்க்கடலை ஒவ்வாமை இருக்குமோ என்று நான் பதறி விசாரிப்பதற்குள் அந்த மனிதர் தின்று முடித்து இன்னொன்றுக்குக் கையை நீட்டியிருந்தார்.

அன்றைய ஸ்கோரைக் கேட்காதீர்கள், ஒரு குறிப்பும் எடுக்கவில்லை.

அதன் பிறகு வார இறுதிகள் இப்படியே ஓடின. நேரில் போகாத ஆட்டங்களை வீட்டில் லேப்டாப்பில் பார்த்தோம். பேண்டிட்ஸ் 18 ஆட்டத்தில் 13ஐ ஜெயித்து முதலிடத்தில் முடித்தது. 2023, 2024 இரண்டு வருடமும் கோப்பை அவர்களுக்குத்தான். 2012 முதல் 2014 வரை ராச்செஸ்டர் அணி வாங்கியதற்குப் பிறகு யாரும் தொடர்ந்து மூன்று முறை வாங்கியதில்லை என்பதால் ஊரே விரலை மடக்கிக்கொண்டிருந்தது.

ஏப்ரலில் ஒருநாள் எல்லைக்கு இந்தப் பக்கமே, பிராண்ட்ஃபோர்டுக்குத் தெற்கே ஓஷ்வீக்கனுக்குப் போனோம். கிராண்ட் நதிக்கரையில் ‘சிக்ஸ் நேஷன்ஸ்’ என்ற பூர்வகுடிகளின் ஊர். மோஹாக், கயூகா, ஒனொண்டாகா, ஒனைடா, செனெகா, டஸ்கரோரா ஆகிய ஆறு இனத்தாரும் சேர்ந்தவர்களே ஹோடெனஷோனி. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டனுக்குத் துணை நின்று நிலத்தை இழந்தவர்களுக்கு, 1784இல் ஆற்றின் இரு கரையிலும் ஆறாறு மைல் என்று எழுதிக்கொடுத்தார்கள். இப்போது அதில் மிச்சம் இருப்பது இருபதில் ஒரு பங்கு. இருபதில் ஒன்று என்றதும் அப்பா மனசுக்குள் கணக்குப் போட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்டம் இவர்களுடையது. ‘லா கிராஸ்’ என்று பெயர் வைத்ததுதான் பிரெஞ்சுக்காரர்கள். படைத்தவன் பார்த்து மகிழ்வதற்காக ஆடுவது என்கிறார்கள். ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அவருக்காக நேர்ந்துகொண்டு ஆடுவதும் உண்டு. அந்த ஆட்டத்தில் ஜெயித்தது யார் என்பது பேச்சே இல்லை. ஹிக்கரி மரத்தை ஆவியில் வேகவைத்து வளைத்து, மாதக்கணக்கில் காயவிட்டு மட்டை செய்கிறார்கள். பிறந்த ஆண் குழந்தைக்குச் சின்ன மட்டை, செத்தால் கூடவே மட்டை. கடை ஒன்றில் அப்படி ஒரு மர மட்டையைக் கையில் வாங்கிப் பார்த்த அப்பா, விலை கேட்காமல் இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

பேண்டிட்ஸுக்கு ஆடிய டெஹோக்கா நாண்டிகோக் இந்த ஊர்ப் பையன். 1992இல் முதல் கோப்பையை வாங்கிய அணியில் இருந்த கில்கோர் சகோதரர்கள், நயாகராவுக்கு அந்தப் பக்கம் நியூயார்க் மாநிலத்து டஸ்கரோராக்காரர்கள். நடுவில் கோடு போட்டது பின்னால் வந்தவர்கள். 2010இல் மான்செஸ்டரில் நடந்த உலகக் கோப்பைக்கு இவர்களுடைய அணி தங்கள் சொந்தப் பாஸ்போர்ட்டில் புறப்பட்டது. பிரிட்டன் அதை ஏற்கவில்லை. அமெரிக்க, கனடியப் பாஸ்போர்ட்டில் போகலாமே என்றதற்கு மாட்டோம் என்றார்கள். நியூயார்க்கில் நாள்கணக்கில் காத்திருந்துவிட்டு, போட்டியில் ஆடாமலே வீடு திரும்பினார்கள். அதுவும் தங்கள் ஆட்டத்தின் உலகக் கோப்பையில். இதைச் சொன்னபோது அப்பா, பீஸ் பிரிட்ஜில் தன் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையைப் பற்றிக் கேட்டார். “அவங்களுக்கும் அந்த ரூம்ல உட்காரணுமாய்யா?” சட்டப்படி அவர்கள் எல்லையைக் கடக்கலாம், பிரிட்டனும் அமெரிக்காவும் போட்ட 1794 ஒப்பந்தத்திலேயே அது இருக்கிறது என்றேன். அந்த உரிமையை ஞாபகப்படுத்த 1928 முதல் வருடாவருடம் நயாகராவில் பாலத்தின் மேல் ஊர்வலம் போகிறார்கள் என்றும் சொன்னேன். “வருஷாவருஷம் ஞாபகப்படுத்தணும்னா?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மே 24, சனிக்கிழமை. சாஸ்கச்சவான் ரஷ் அணியோடு மூன்று ஆட்ட இறுதிப் போட்டி. ஆளுக்கு ஒன்று ஜெயித்தாயிற்று, மூன்றாவது பஃபலோவில். டிக்கெட்டை நான் சொந்தக் காசில் வாங்கினேன்; விலையை அப்பாவிடம் பாதியாகச் சொன்னேன். அவர் கோலுக்கு எதிரே மேல் வரிசையில், ஆரஞ்சு மப்ளர் சுற்றிக்கொண்டு, மே மாத வெயிலிலும் குரங்குக் குல்லாவோடு உட்கார்ந்திருந்தார். 19,000 பேர் உட்காரும் இடம்; கண்ணுக்கு எட்டிய தூரம் ஆரஞ்சு.

இறுதி ஆட்டம் என்றால் நகத்தைக் கடிக்க வைக்க வேண்டும். இது வைக்கவில்லை. 15-6. மாட் வின்ஸ் அடைத்துக்கொண்டு நின்றார், முன்வரிசை வெளுத்து வாங்கியது. கடைசிக் கால் பகுதியில் கூட்டம் உட்காரவே இல்லை. 1992, 1993, 1996, 2008, அப்புறம் இந்த மூன்று, ஆக ஏழு கோப்பை. கோப்பையை ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு சுற்றியபோது அப்பா களத்தைப் பார்க்கவில்லை. ஓரத்தில் கோட்டு சூட்டில் நின்றுகொண்டிருந்த டவாரஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரிசல்ட் வந்த அன்னைக்கு ஹெட்மாஸ்டர் ரூம் வாசல்ல நிக்கிற மாதிரியே நிக்காரு பாரு.”

திரும்பும்போது பாலத்தில் நீண்ட வரிசை. எல்லாம் ஒண்டாரியோ நம்பர் பிளேட், பாதிக் கார்களில் ஆரஞ்சுக் கொடி. கீழே நயாகரா ஆறு இருட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

“ஏய்யா, திங்கக்கிழமை பள்ளிக்கூடம் உண்டா?”

“அமெரிக்காவுல லீவுப்பா, மெமோரியல் டே. ஒண்டாரியோவுல உண்டு.”

“பாவம்” என்று சொல்லிவிட்டு, குல்லாவைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.