எங்கள் வீட்டுக் கொடியும் கம்பத்துத் திராட்சையும்

காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக் கிணற்றடியில் ஒரு திராட்சைக் கொடி நிற்கிறது. அப்பத்தா ஆசைப்பட்டார்கள் என்று ஆறு வருடத்துக்கு முன் வைத்தது. பந்தல் நிறைய இலைதான், ஒரு குலை பார்த்ததில்லை. செம்மண்ணுக்குத் திராட்சை ஒத்துவராது போல என்று விட்டுவிட்டோம்.

போன மார்கழியில் மைத்துனர் வீட்டு விசேஷத்துக்குத் தேனி மாவட்டத்துக் கம்பம் ஊருக்குப் போயிருந்தேன். மதுரை தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் வரைக்கும் நம் ஊர் வறட்சிதான் கண்ணுக்குத் தெரிகிறது. உத்தமபாளையம் நெருங்கியதும் நெல், தென்னை, வாழை. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, நடுவில் நீளமாக ஒரு பள்ளத்தாக்கு. கடல் மட்டத்துக்குச் சுமார் 400 மீட்டர் மேலே இருப்பதால் காலை நேரம் இதமாக இருந்தது.

மறுநாள் சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். தலைக்கு மேல் பந்தல், அதில் கருநீலக் குலைகள். பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். ஒன்றைப் பறித்து வாயில் போட்டதும் அந்த வாசம் மூக்கு வரைக்கும் ஏறியது. ஒயினுக்கும் சாறுக்கும்கூட இது போகிறது என்றார்கள்.

தென்மேற்குப் பருவமழையில் பெரும்பகுதி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் காற்றும் சாரலும்தான் அதிகம். பழுக்கிற நேரத்தில் கனமழை பிடித்தால் பழம் வெடித்துவிடும், பூஞ்சை வந்துவிடும், அதனால் திராட்சைக்கு இது நல்லது. ஆனால் வேருக்குத் தண்ணீர் வேண்டுமே! மேற்கே ஓடிக் கடலில் கலக்க வேண்டிய பெரியாற்றை 1895-ல் அணை கட்டி, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். அந்த அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் பிறந்தநாளுக்கு இங்கே பொங்கல் வைப்பதைச் செய்தியில்தான் படித்திருக்கிறேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தபோது, வைக்காமல் எப்படி இருப்பார்கள் என்று தோன்றியது. வருடம் முழுக்க ஓடும் ஆறு எங்கள் பக்கம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதை ஊருணியில் தேக்கி வைத்துக்கொண்டு வாழ்ந்த ஊர்கள் எங்களுடையவை. எங்கேயோ பெய்த மழை காலடியில் ஓடுவது எனக்குப் பெரிய அதிசயம்.

சரி, எங்கள் கொடி ஏன் காய்க்கவில்லை என்று தோட்டக்காரரிடம் கேட்டேன்.

"கவாத்து பண்ணுனீங்களா தம்பி?"

"இல்லண்ணே. தண்ணி ஊத்துவோம், எரு வைப்போம்."

"அதான். குளிர் நாட்டுல பனி விழுந்தா கொடி தானா இலையைக் கொட்டித் தூங்கிரும். இங்க அதுக்குத் தூக்கமே கிடையாது, விட்டா இலையாவே போய்க்கிட்டிருக்கும். நாமதான் வெட்டி எழுப்பணும்."

வெட்டியதிலிருந்து ஏறத்தாழ நாலு மாதத்தில் அறுவடையாம். ஆளுக்கொரு நேரத்தில் கவாத்து பண்ணுவதால், பள்ளத்தாக்கில் எங்காவது ஒரு தோட்டத்தில் எப்போதும் பழம் இருக்கிறது. எந்தக் கணுவுக்கு மேல் வெட்டுவது என்று அவரே ஒரு கிளையைப் பிடித்துக் காட்டினார். "உங்க ஊருல அடைமழை முடிஞ்சு தை பொறந்ததும் வெட்டுங்க. பழம் மழையில மாட்டக் கூடாது" என்றார்.

தை முதல் வாரத்தில் வெட்டினேன். பந்தல் மொட்டையாக நிற்பதைப் பார்த்து அப்பத்தா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் ஒரு காலையில் கிணற்றடியிலிருந்து அவர்கள் சத்தம் போட்டுக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், புதுத் துளிரோடு கடுகு கடுகாக மூன்று பூங்கொத்து.