ஐந்தாம் வகுப்பு, இடது ஓரம், இரண்டாவது பெஞ்ச்

ஜூன் 10, 2025, செவ்வாய்

இந்த ஆண்டு என் வகுப்புக்குக் காதொலிக் கருவி மாட்டிய ஒரு பெண் பிள்ளை வந்திருக்கிறாள். பெயர் வேண்டாம், தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளி, அது போதும். கருவி மாட்டினால் வலது காதில் ஓரளவு கேட்கிறது. இடது காதில் அநேகமாக இல்லை.

எல்லோரும் முதல் பெஞ்சில் வைக்கச் சொன்னார்கள். இடது ஓரம், இரண்டாவது பெஞ்சில் வைத்திருக்கிறேன். அங்கே இருந்தால் கேட்கிற காது வகுப்பின் பக்கம் இருக்கும். உதட்டசைவைப் படிக்க என் வாயை அண்ணாந்து பார்க்க வேண்டாம். முன்னால் இருப்பவர்கள் நோட்டை எடுத்தால் தானும் எடுப்பாள். முதல் பெஞ்சில் உட்காருகிற பிள்ளைக்கு மொத்த வகுப்பும் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது.

ஜூன் 19, வியாழன்

சாரல் பிடித்துவிட்டது. ஊருக்கே சந்தோஷம், அவளுக்கு மட்டும் கஷ்ட காலம். எங்கள் வகுப்புக்குத் தகரக் கூரை. மழை விழுகிற சத்தம், மின்விசிறி, பெஞ்சை இழுக்கிற சத்தம் எல்லாவற்றையும் கருவி சேர்த்தே பெரிதாக்கிக் கொடுக்கிறது. அதில் என் குரலை அவள்தான் தேடி எடுக்க வேண்டும். மதியம் மின்சாரமும் போய், மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. வெளிச்சம் போனால் உதடும் தெரியாது. கதவோரமாக வெளிச்சத்தில் போய் நின்று, பாடத்தின் முக்கிய வார்த்தைகளைப் பெரிதாக அட்டையில் எழுதிக் காட்டினேன். அப்புறம் பார்த்தால், எப்போதும் தூங்கி வழிகிற கடைசி பெஞ்சுப் பையன்களும் அட்டையைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள்.

ஜூலை 4, வெள்ளி

சொல்வதை எழுதுதல். 'மரம்' வர வேண்டிய இடத்தில் 'பரம்', 'படம்' வர வேண்டிய இடத்தில் 'மடம்' என்று எழுதியிருந்தாள். நோட்டைப் பார்த்த பக்கத்து வகுப்பு ஆசிரியர், "எழுத்தே தெரியல, கீழ் வகுப்புல உட்கார வைக்கலாமே" என்றார்.

கண்ணாடி முன்னால் நின்று இந்த வார்த்தைகளைச் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். ப-வுக்கும் ம-வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. ம-வில் மூக்கு வழியாக வருகிற ஒலியைக் கண்ணால் பார்க்க முடியாது. ல, ள, ழ மூன்றும் வாய்க்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. க தொண்டைப் பக்கம் பிறப்பது, உதட்டில் எதுவுமே தெரியாது. அவள் தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சரியாகவே எழுதியிருக்கிறாள். அதில் சிவப்பு மை போட்டால் அந்த மதிப்பெண் காதுக்குப் போகிறது, மொழி அறிவுக்கு இல்லை.

தனி வார்த்தை சொல்வதை நிறுத்திவிட்டேன், எல்லோருக்கும்தான். "மரத்தில் குருவி கூடு கட்டியது" என்று வாக்கியமாகச் சொல்கிறேன், படமும் காட்டுகிறேன். இன்று குருவியும் கூடும் கூடச் சரியாக வந்துவிட்டன.

ஜூலை 22, செவ்வாய்

சுற்றுவட்டப் பள்ளிகளுக்கு உதவுகிற அரசின் வட்டார வள மையத்திலிருந்து, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர் வந்திருந்தார். நல்ல மனுஷி. காதுக்குள் பொருத்துகிற அச்சு தளர்ந்ததால்தான் கருவி விசிலடிக்கிறது, பிள்ளை வளர வளர அச்சை மாற்ற வேண்டும் என்று அம்மாவிடம் விளக்கினார். பேட்டரியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை உரித்தவுடன் காற்றுப் பட்டு வேலை செய்யத் தொடங்கிவிடும், அதனால் மொத்தமாக உரித்து வைக்கக் கூடாது என்றும் சொன்னார். இரவில் கருவியைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். இந்தச் சாரலுக்கு அது கட்டாயம்.

அவர் கையில் பல பள்ளிகள். தொடக்க வகுப்புகளில் மாற்றுத்திறனாளி மாணவர் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று 2022-லேயே ஒன்றிய அரசு அறிவித்துவிட்டது. அந்த அறிவிப்பு எங்கள் பஸ் நிறுத்தம் வரை வந்து சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை, கோரிக்கை, எல்லாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அவள் அப்பா வந்தார். "ஆறாவதுக்குப் பாளையங்கோட்டை ஸ்கூல்ல விட்டுரலாமான்னு யோசிக்கேன் டீச்சர். அங்க கையால பேசிக்கிடுவாங்க. இங்க யார்கிட்ட பேசுவா?"

19-ஆம் நூற்றாண்டிலிருந்து காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கிற ஊர் அது. அங்கே போகக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆவது பிரிவைச் சொன்னேன். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது அவர்கள் விருப்பம். "ரெண்டையும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்கண்ணே. அவளையும் கேளுங்க" என்றேன்.

அவர் கேட்ட கேள்வி நியாயமானது. எல்லோரோடும் சேர்த்து உட்கார வைத்துவிட்டு, பேச ஆளில்லாமல் விட்டால், அந்தப் பிள்ளை கூட்டத்துக்கு நடுவில் தனியாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் தயாரித்த அகராதியில் 10,000-க்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. அதன் வீடியோக்களை இடைவேளையில் வகுப்பே பார்க்கிறது. தண்ணீர், சாப்பாடு, அம்மா, விளையாட்டு என்று பிள்ளைகள் படு வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். வகுப்பில் யார் பேசினாலும் முதலில் கையைத் தூக்க வேண்டும் என்பதும் இப்போது பழகிவிட்டது. யாரைப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரிய வேண்டுமே. நேற்று முன்தினம் கபடியில் அவள் அணிக்கு விசிலுக்குப் பதில் சிவப்புத் துணியை ஆட்டியது அவள் தோழியின் யோசனை.

செப்டம்பர் 12, வெள்ளி

காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது. வாய்மொழியாகக் கேட்கிற கேள்விகளை அவளுக்கு எழுதிக் கொடுக்கத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார். சைகை மொழி தெரிந்த பெரியவர் ஒருவர், முடிந்தால் காது கேளாதவராகவே இருப்பவர், வாரத்துக்கு ஒரு நாளாவது எங்கள் வகுப்புக்கு வர வேண்டும் என்று வள மையத்துக்கு மனு எழுதியிருக்கிறேன். அப்பா விடுமுறையில் அவளைப் பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போகிறார். அவள் எங்கே படிக்க விரும்பினாலும், அந்த மனுவை நான் திரும்பப் பெறப் போவதில்லை. அடுத்த ஆண்டு நான்காம் வகுப்பிலிருந்து வருகிறவர்களில் இன்னொரு பையனும் கருவி மாட்டியிருக்கிறான்.