மோயஸுக்கு ஆறு வருசம் எழுதிக் குடுத்தவங்க

நேத்துப் பின்னேரம் கல்லடிப் பாலத்தடியில பிளேன்டீயும் கச்சானுமா இருந்து மான்செஸ்டர் யுனைட்டட் ஃபுட்போல் கிளப்பின்ட மனேஜர்மாரை விசாரிச்சம். 2013ல பழைய மனேஜர் பெர்குசன் போன கையோட மோயஸுக்கு ஆறு வருச ஒப்பந்தம், பத்து மாசத்தில வீடு. அதில எல்லாருக்கும் ஒரே தீர்ப்பு.

சண்டை மோயஸுக்குப் பிறகு வந்த வான்கால்லதான். 2016ல எஃப்.ஏ. கப் எடுத்துத் தந்த மனுசனை ரெண்டு நாள்ல கலைச்சது பிழை எண்டன். "கப் சரி மச்சான், மேட்ச் பாத்த எங்களுக்கு நித்திரையெல்லோ வந்தது" எண்டான் ஒருத்தன். (அவன் லிவர்பூல் ஆள், அவனுக்கேன் இந்தக் கவலை?)

மொரின்யோவை நான் விட்டுக்குடுக்க மாட்டன். 2017ல லீக் கப்பும் யூரோப்பா லீக்கும், அடுத்த சீசன் ரெண்டாமிடம்.

சோல்ஷேருக்கு 1999 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல அடிச்ச அந்தக் கோலுக்காகக் கும்பிடு போடலாம். அதுக்காக மனேஜர் கதிரையுமா குடுக்கிற? கேட்டதும் கச்சான் சுருளால எறிஞ்சானுகள்.